இரண்டு குடித்தனத்தின் கணக்கு: மங்களூர் வட்டார ஆசிரியரும் அயல்நாட்டுப் பணியும்

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திட்டக்குடியை அடுத்து இருக்கும் மங்களூர், பெயர் ஒற்றுமையால் கர்நாடகத்துத் துறைமுக நகரத்தோடு ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படும் ஊராகும். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும், 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை வரை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் பெயர் தந்த இவ்வூரைச் சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம், அதாவது மழையை மட்டும் நம்பி உழப்படும் நிலம், விரிந்து கிடக்கிறது; தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வெள்ளாற்று நீரைப் பெறும் வெலிங்டன் ஏரி அருகிலேயே இருந்தும், அதன் பாசனம் எட்டாத ஊர்களே இப்பகுதியில் மிகுதி. நிலம் தாங்காத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்கள், நெய்வேலிச் சுரங்கத்தின் ஒப்பந்தப் பணிகள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உடலுழைப்பு வேலைகள் என்பவற்றுக்கு அடுத்தபடியாக எஞ்சிய மதிப்புள்ள வழி, பட்டம் பெற்று பி.எட். முடித்து ஆசிரியராவதாகவே நீண்ட காலமாக இருந்துவருகிறது. அவ்வாறு ஆசிரியரானவருக்கு மாலத்தீவிலிருந்தோ அமீரகத்திலிருந்தோ ஒரு பணி ஆணை வரும்போது, வீட்டில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல்: அயல்நாட்டு ஊதியத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, வரும் தொகையை உள்ளூர் ஊதியத்தோடு ஒப்பிடுவது. அந்தப் பெருக்கல் தவறில்லை என்றாலும், முடிவைத் தீர்மானிக்க வேண்டிய எண் அதுவன்று. குடும்பம் எங்கே இருக்கப் போகிறது, எத்தனை குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும் என்பதே உண்மையில் கணக்கின் அடித்தளமாகும்.

குடித்தனம் என்பது இவ்விடத்தில் தனி வாடகை, தனிச் சமையல், தனி மின் கட்டணம், தனி மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கொண்ட ஒரு முழு வாழ்க்கை அமைப்பைக் குறிக்கிறது. சொந்த வீட்டில், பெற்றோருடன், ஒரே அடுப்பில் நடந்துவரும் குடும்பம் வேலையின் பொருட்டு இரண்டாகப் பிரியும்போது செலவு பாதியாகப் பிரிவதில்லை. ஊரில் இருக்கும் குடித்தனத்திலிருந்து ஒருவருக்கான உணவுச் செலவு மட்டுமே குறைய, அயல்நாட்டில் முழுதாக ஒரு குடித்தனம் புதிதாக முளைக்கிறது. குடும்பம் முழுவதும் பெயர்ந்து செல்லுமானால் குடித்தனம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மங்களூரில் காசு கொடுக்காமல் கிடைத்த பலவும், குறிப்பாக வீடும் பள்ளியும், அங்கே விலை கொடுத்துப் பெறும் பொருள்களாக மாறிவிடும். இவ்விரு நிலைகளுக்கும் பணி ஆணையில் அச்சிட்ட ஊதியம் ஒன்றே என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது.

ஒப்பீட்டின் ஒரு தட்டில் உள்ளூர் ஊதியத்தை வைக்கும்போதும் எந்த ஊதியம் என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 36,400, அகவிலைப்படியையும் சேர்த்தால் 2025இல் அது ரூ. 55,000ஐத் தாண்டியது. இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கம் ரூ. 20,600. அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரப் பணியிடம் இன்றித் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படுவோர், மாதம் ரூ. 25,000 பெற்றனர், அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கே. 2012இல் 16,000க்கும் மேற்பட்டோர் ரூ. 5,000 ஊதியத்தில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியம், பல போராட்டங்களுக்குப் பின், 2024இல்தான் ரூ. 12,500 ஆயிற்று. சிற்றூர்களின் தனியார் மெட்ரிக் பள்ளிகளைப் பொறுத்தவரை, ஊதியம் பெரும்பாலும் பள்ளித் தாளாளரின் மனப்போக்கைப் பொறுத்தது என்பதைத் தவிரப் பொதுவாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அரசுப் பணியில் இருப்பவருக்கும் மெட்ரிக் பள்ளியில் இருப்பவருக்கும் ஒரே அயல்நாட்டு ஆணை ஒரே பொருளைத் தருவதில்லை. முன்னவர் அதை மறுப்பதற்கும் பின்னவர் ஏற்பதற்கும் சமமான நியாயம் உண்டு.

இந்திய ஆசிரியர்கள் கடல் கடப்பது புதிய நிகழ்வன்று. பேரரசர் ஹைலே செலாசியின் எத்தியோப்பியாவுக்கு ஆயிரக்கணக்கான இந்திய ஆசிரியர்கள், பெரும்பாலும் தென்னிந்தியர், சென்றனர். எழுபதுகளில் எண்ணெய் வளம் பெருகிய நைஜீரியாவும் அவர்களை அழைத்தது. இன்று தமிழ்நாட்டுக் கிராமத்து ஆசிரியருக்கு எளிதில் எட்டும் முதல் நாடு மாலத்தீவுதான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட விமானப் பயணத்தில் அடையக்கூடிய இந்நாட்டில் பள்ளிக் கல்வி ஆங்கில வழியில், கேம்பிரிட்ஜ் முதலிய பிரிட்டானியத் தேர்வுகளை நோக்கி நடைபெறுகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் கற்பிக்க உள்நாட்டார் போதாமையால் கேரளத்தவரும் தமிழ்நாட்டவரும் பல பத்தாண்டுகளாக அங்கே பணிபுரிந்து வருகின்றனர். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தங்குமிடமோ அதற்கான படியோ தரப்படுவதும், தனிநபர் வருமான வரி மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கே 2020 முதல் விதிக்கப்படுவதால் ஆசிரியர் எவரையும் அது தொடாததும் இந்நாட்டின் கவர்ச்சிகள்.

ஆனால் மாலத்தீவு ஊதியத்தைப் படிக்கும் முறை வேறு. அந்நாட்டு நாணயமான ருஃபியா, 2011 ஏப்ரல் முதல் அமெரிக்க டாலருக்கு எதிராக ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் கட்டிவைக்கப்பட்டு, நடைமுறையில் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்ற அளவிலேயே நிற்கிறது. இவ்வாறு ஒரு நாணயத்தின் மதிப்பை மற்றொன்றுடன் பிணைத்து நிறுத்துவதை நாணயப் பிணைப்பு எனலாம். பிணைப்பு உறுதியாக இருந்தாலும் வங்கியில் டாலர் கிடைத்தால்தான் அந்த விகிதம் உயிருள்ளதாகும். சுற்றுலாவை நம்பிய அந்நாட்டில் டாலர் பற்றாக்குறை அடிக்கடி தலைதூக்க, வங்கிகள் அயல்நாட்டுப் பணியாளர் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு கட்ட, வெளிச்சந்தையில் டாலரின் விலை ஏறிவிடுகிறது. 15,420 ருஃபியா ஊதியம் வங்கி விகிதத்தில் 1,000 டாலர் ஆகும். அதே தொகையை ஒரு டாலருக்கு 20 ருஃபியா கொடுத்து மாற்ற நேர்ந்தால் 771 டாலர் மட்டுமே கைக்கு வரும். டாலருக்கு ரூ. 90 என்று கொண்டால் முன்னதற்கும் பின்னதற்கும் இடையிலான வேறுபாடு மாதம் ரூ. 20,000ஐத் தாண்டுகிறது; இது மெட்ரிக் பள்ளி ஆசிரியர் சிலரின் உள்ளூர்ச் சம்பளத்துக்கு நிகரானது. இதற்கு மேல், 2016 அக்டோபரிலிருந்து 2019 முடியும் வரை அயல்நாட்டுப் பணியாளர் ஊருக்கு அனுப்பும் தொகைக்கு 3 விழுக்காடு வரி ஒன்றும் அங்கே நடைமுறையில் இருந்தது. ஊதியம் எவ்வளவு என்பதற்கு முன், அதில் எத்தனை பங்கை எந்த நாணயத்தில், எந்த வழியாக அனுப்ப முடியும் என்று அங்கே ஏற்கெனவே பணிபுரியும் ஒருவரிடம் கேட்டறியாமல் ஆணையில் கையெழுத்திடுவது அறிவுடைமையாகாது.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வோர்க்கு மாலத்தீவு வேறொரு முகத்தைக் காட்டும். ஏறத்தாழ இருநூறு தீவுகளில் மக்கள் சிதறி வாழும் அந்நாட்டில், பணியிடம் தலைநகரான மாலேயில் அமைந்தால் வாடகை ஊதியத்தை விழுங்கும். தொலைதூரத் தீவில் அமைந்தால் வாடகை குறைவு, ஆனால் மேனிலை வகுப்புகள் பல தீவுகளில் இல்லை, பெரிய நோய் என்றால் படகிலோ கடல் விமானத்திலோ மாலேயில் உள்ள, இந்திய உதவியுடன் கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அரிசி, மாவு, சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் அரசு மானியம் உண்டு என்றாலும், காய்கறி முதல் பால்மாவு வரை ஏனையவை பெரும்பாலும் கப்பலில் வந்திறங்குபவையே. பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தையுடன் இரண்டாண்டு அங்கே வாழ்ந்து திரும்புவது இயலக்கூடியது. பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளையுடன் செல்வது பெரும்பாலும் பிழையான தெரிவாகவே முடியும்.

வளைகுடாவில் நாணயச் சிக்கல் இல்லை. அமீரகத் திர்காம் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கின்றன. அனுப்பும் தொகைக்குத் தடையும் இல்லை. 2014 மே மாதத்தில் ரூ. 59ஐ ஒட்டியிருந்த டாலர் 2025 இறுதியில் ரூ. 90ஐ ஒட்டி நின்றதால், ஊதிய உயர்வே பெறாத ஆசிரியரின் ரூபாய் மதிப்பும் அந்த இடைவெளியில் ஒன்றரை மடங்காயிற்று. ரூபாயில் கடன் வாங்கி டாலரோடு பிணைந்த நாணயத்தில் சம்பாதிப்பவருக்குக் காலம் துணை நிற்கிறது என்பது உண்மை. ஆயினும் அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஊதியம் பிரிட்டானிய, அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஊதியத்தைவிட மிகவும் தாழ்ந்தது. மங்களூர் வட்டாரத்து ஆசிரியருக்கு வரும் ஆணைகள் பெரும்பாலும் முன்னவற்றிலிருந்தே வருகின்றன.

எடுத்துக்காட்டாக மாதம் 4,000 திர்காம் ஊதியமும் பகிர்ந்து தங்கும் அறையும் தரும் ஓர் ஆணையைக் கொண்டால், தனியாகச் செல்பவர் உணவு, பயணம், கைப்பேசி ஆகியவற்றுக்கு 1,200 திர்காம் செலவிட்டு 2,800 திர்காமை, அதாவது ரூ. 68,000 அளவில், ஊருக்கு அனுப்பக்கூடும். அதே ஆசிரியர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டால் சட்டம் குறுக்கே நிற்காது. ஏனெனில் அமீரகத்தில் குடும்பத்தைத் தம் பொறுப்பில் வரவழைக்க 4,000 திர்காம் ஊதியமோ, 3,000 திர்காமும் தங்குமிடமுமோ போதும். குறுக்கே நிற்பது வாடகை. குடும்பத்துக்கான ஒரு சிறு வீட்டின் வாடகையும், பள்ளிக் கட்டணத்தில் பணியாளர் சலுகை போக எஞ்சுவதும் சேர்ந்தால் அனுப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. சில மாதங்களில் ஊரிலிருந்து பணம் வரவேண்டிய தலைகீழ் நிலையும் ஏற்படும். சவூதியில் இதற்கு மேல் ஒரு சுமை: 2017 சூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், 2020க்குள் 400 ரியாலாக உயர்ந்தது. துணைவரும் இரு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால், ரூபாயில் மூன்று லட்சத்துக்கு மேல், வெறுமனே உடன் இருப்பதற்கான விலையாகச் செலுத்தப்பட வேண்டும்.

ஆசிரியப் பணியில் பெண்கள் மிகுதி என்பதால், யார் யாரை வரவழைப்பது என்பதும் கணக்கில் சேர்கிறது. அமீரகம் 2019இல் இவ்விதியைத் தளர்த்தி, தொழிலைப் பாராமல் வருமானத்தை மட்டும் பார்க்கும் முறைக்கு மாறியது. அதன்படி ஆசிரியை கணவரை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். விருத்தாசலத்தில் மின் பீங்கான் பொருள்களோ பொம்மைகளோ செய்யும் சிறு தொழிற்கூடத்தில் சூளையைக் கவனிக்கும் கணவருக்கு அங்கே உடனே பொருந்தும் வேலை அமையாவிட்டால், ஊரில் அவர் ஈட்டிவந்த வருமானம் நின்றுபோவதையும் ஆசிரியையின் திர்காமிலிருந்து கழித்தே பார்க்க வேண்டும். ஊதியத்தின் பிரிப்பும் கவனத்துக்குரியது: பணிக்கொடை, அதாவது பணி முடிவில் தரப்படும் மொத்தத் தொகை, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்று கணக்கிடப்படுவதால், 4,000 திர்காமில் அடிப்படை 1,800 என்றும் எஞ்சியவை படிகள் என்றும் எழுதப்பட்ட ஒப்பந்தம், அடிப்படை 3,000 என்று எழுதப்பட்டதைவிடத் தாழ்ந்ததே.

இங்கிலாந்து இவையிரண்டிலிருந்தும் வேறுபட்ட கணக்கு. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுக் கல்வித் துறை, தகுதிபெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பை இந்தியா, நைஜீரியா, கானா உள்ளிட்ட மேலும் ஒன்பது நாடுகளுக்குத் திறந்தது. இந்தியர்களைப் பொறுத்தவரை 11 முதல் 16 வயது மாணவர்க்குக் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிப்போருக்கே அது பொருந்தும். அதே ஆண்டு இயற்பியல் போன்ற பாடங்களின் ஆசிரியர்க்கு 10,000 பவுண்டு இடப்பெயர்வு உதவித்தொகையும் சோதனைத் திட்டமாக அறிவிக்கப்பட்டதால், தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் அச்செய்தி பல மாதங்கள் சுற்றியது. சோதனைத் திட்டம் நிலையானதன்று என்பது அந்தச் செய்தியோடு சேர்ந்து சுற்றவில்லை.

லண்டனுக்கு வெளியே தகுதிபெற்ற ஆசிரியரின் தொடக்க ஊதியம் 2025–26இல் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. வரியும் தேசியக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் போக மாதம் 2,100 பவுண்டு அளவில் கைக்கு வரும். இங்கிலாந்தின் சராசரித் தனியார் வாடகையோ 2025இல் மாதம் 1,300 பவுண்டைத் தாண்டியிருந்தது. சிறு நகரங்களில் இது குறையும் எனினும், குளிர்கால வெப்பமூட்டலும் உள்ளாட்சி வரியும் அந்தக் குறைவை ஈடுகட்டிவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கல்வி இலவசம் என்பது வளைகுடாவில் காண இயலாத பெரும் சலுகை. ஆனால் நுழைவதற்கான செலவு கடுமையானது: குடியேறுவோர் நலவாழ்வுக் கூடுதல் கட்டணம், அதாவது அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்காக விசாவுடனேயே முன்கூட்டிக் கட்ட வேண்டிய தொகை, 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 பவுண்டு, சிறுவருக்கு 776 பவுண்டு. இருவரும் இரு பிள்ளைகளும் மூன்றாண்டுக்குச் செல்வதானால் இது மட்டும் 10,866 பவுண்டு. விசாவுக்கான பொதுக் கட்டணத்தையும் சேர்த்தால் ரூ. 16 லட்சத்தை ஒட்டி வரும். பள்ளி நிர்வாகம் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் ஆசிரியரின் பங்கை மட்டுமே. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை முதலியவற்றைப் பெறும் உரிமையும் விசாக் காலத்தில் இல்லை. எனவே இங்கிலாந்தின் கணக்கு ஆசிரியரின் ஊதியத்தால் நேர்ப்படுவதில்லை. உடன் செல்லும் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை அங்கே உண்டு என்பதால், அவர் எத்தனை மாதத்தில் வேலையில் அமர்கிறார் என்பதே அதை நேர்ப்படுத்துகிறது. துணைவர் செவிலியராக இருந்தால் இது நல்ல வாய்ப்பு. ஆங்கிலம் பேசத் தயங்கும், ஊரைவிட்டு நகராத ஒருவராக இருந்தால், நால்வர் ஒரே ஊதியத்தில் குளிரில் வாழ்வது கடனை வளர்க்கும் வழி.

ஊரிலிருந்து விலகுவதால் இழப்பவை எந்தப் பணி ஆணையிலும் எழுதப்படுவதில்லை; ஆனால் மங்களூர் போன்ற ஊரில் அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உள்ளது. அடுத்த ஆண்டில் அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அதே தகுதியின் அடிப்படையில் உயர்கல்வி பயிலும் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்தின் வழியாகவும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் வழியாகவும் மாதம் ரூ. 1,000 வழங்கப்படுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாண்டுக்கு அபுதாபிக்கோ மாலேவுக்கோ அழைத்துச் சென்று ஒன்பதாம் வகுப்பில் திட்டக்குடி அரசுப் பள்ளியில் மீண்டும் சேர்த்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பிள்ளை ஏற்கெனவே தனியார் பள்ளியில் படிக்கிறது என்றால் இவ்விழப்பு இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் பலரே தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் ஊரில் இதைச் சற்றுச் சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டியுள்ளது.

வருமான உயர்வே சில உதவிகளை நிறுத்தும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ. 2.5 லட்சம்; ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு ரூ. 1.2 லட்சம். உரிமைத் தொகையான மாதம் ஆயிரம் ரூபாய் போவது பெரிதன்று. காப்பீடு போவது பெரிது: எழுபதைத் தொடும் தந்தைக்கு இதய அடைப்பு வந்து, கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியுள்ள சிதம்பரம் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டு செல்வதற்குள் பெரம்பலூரிலோ திருச்சியிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், ஓராண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் கரையும். அயல்நாட்டுப் பணியை ஏற்கும் குடும்பம் முதல் மாத ஊதியத்திலேயே பெற்றோருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பதையும், அந்த முனைமத்தை, அதாவது ஆண்டுதோறும் கட்டும் காப்பீட்டுத் தொகையை, ஊர்க் குடித்தனத்தின் நிலையான செலவாக எழுதிக்கொள்வதையும் தவிர்க்க முடியாததாகக் கருத வேண்டும்.

புறப்படும் முன் ஆகும் செலவில் முகவருக்குப் போவதே பெரும் பங்கு. குடிபெயர்வுச் சட்டம், 1983இன் கீழ் பதிவுபெற்ற ஆட்சேர்ப்பு முகவர் ஒருவரிடமிருந்து பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு ரூ. 30,000, 18 விழுக்காடு சரக்கு சேவை வரியுடன் ரூ. 35,400. இதற்கு மேல் லட்சக் கணக்கில் கேட்பவர் எந்தப் பெயரில் கேட்டாலும் சட்டத்துக்குப் புறம்பாகவே கேட்கிறார். முகவரின் பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. பட்டதாரிகள் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாதவர் பிரிவில் வருவதால், அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளர்க்குக் கட்டாயமாக உள்ள ரூ. 10 லட்சம் காப்பீடு ஆசிரியர்க்கு இயல்பாகக் கிடைப்பதில்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்ற எண்ணம் சட்டத்தில் இருக்கலாம்; நடைமுறையில் ஏமாந்தோர் பட்டியலில் படித்தவர் குறைவில்லை.

சான்றிதழ்ச் செலவு சிறியது, ஆனால் தடை பெரியது. ஆவணச் சான்றொப்பத்தை எளிதாக்கும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் என்னும் ஒற்றை முத்திரை போதும். அமீரகம் அவ்வுடன்படிக்கையில் இல்லாததால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றொப்பம் பெற வேண்டும். அதைவிடக் கவனம் வேண்டியது பட்டம் பெற்ற முறை: இம்மாவட்டத்தில் பலர் தொலைநிலைக் கல்வியில் பட்டமோ பி.எட்.டோ முடித்தவர்கள், அத்தகைய பட்டத்தை நிகரானதாக ஏற்க வளைகுடாக் கல்வித் துறைகள் தயங்குகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தந்த அங்கீகாரம் 2014–15 வரையிலானதே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்ததையும் அதற்குப் பின் சேர்ந்து படித்தவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஆணை கிடைத்து, வேலையை விட்டு, கடனும் வாங்கிய பின் பட்டம் செல்லாது என்று அறிவதைவிடப் பெரிய இழப்பு இக்கணக்கில் வேறில்லை.

கடனின் விலையையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஊர் வழக்கில் இரண்டு வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. முகவர், பயணச் சீட்டு, முதல் இரண்டு மாதக் கைச்செலவு ஆகியவற்றுக்காக ரூ. 2 லட்சம் இவ்வட்டியில் பெற்றவர், இரண்டாண்டு ஒப்பந்தக் காலம் முழுவதும் அசலைத் தொடாதிருந்தால் ரூ. 96,000ஐ வட்டியாகவே கட்டியிருப்பார். வீட்டில் நகை இருக்கும்போது அதைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கக் கூச்சப்பட்டுத் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்குவது இப்பகுதியில் இன்னும் காணக்கூடிய வழக்கம். மானம் காக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதன் விலை கொஞ்சம் கூடுதல்.

இடர்களில் போரும் ஆட்சி மாற்றமும் அரிதானவை. ஆனால் வரும்போது முழுச் சேமிப்பையும் எடுத்துச் செல்பவை. 1990இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானத்தில் மீட்கப்பட்டபோது பலர் வங்கிக் கணக்கை அங்கேயே விட்டுவந்தனர். லிபியாவில் 2015 சூலையில் சிர்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்கு இந்திய ஆசிரியர்கள் கடத்தப்பட்டு, இருவர் சில நாட்களிலும் ஏனைய இருவர் 2016 செப்டம்பரிலும் விடுவிக்கப்பட்டனர். அந்நாட்டில் 2011 முதல் அமைதியின்மை நிலவியும் அவர்கள் தங்கியிருந்ததற்கு ஊதியமும் ஊரில் அதற்கு நிகரான பணி இன்மையும் காரணங்களாக இருந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

இவையனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, இருவரும் ஆசிரியராக இருந்து ஒரே தீவில் அல்லது ஒரே பள்ளியில் பணி பெறும் தம்பதியருக்கும், இன்னும் குடும்பப் பொறுப்பு ஏற்காத இருபதுகளின் இளைஞருக்கும் இத்தகைய ஆணை தெளிவான இலாபம். முன்னவர் இரண்டு ஊதியத்தில் ஒரு குடித்தனத்தையும், பின்னவர் ஒரு ஊதியத்தில் அரைக் குடித்தனத்தையும் நடத்துகின்றனர். பள்ளி செல்லும் பிள்ளைகளோடு ஒற்றை ஊதியத்தை நம்பிச் செல்பவருக்கு அது பெரும்பாலும் நட்டம். தனியாகச் சென்று குடும்பத்தை ஊரில் விடுபவர் இடைப்பட்டவர்: எண்ணிக்கையில் இவர்களே மிகுதி, சேமிப்பும் இவர்களுக்கே மிகுதி, ஆனால் அந்தச் சேமிப்பின் ஒரு பங்கு ஊரில் தனித்து இரு தலைமுறையைக் கவனிக்கும் துணைவரின் ஊதியமில்லா உழைப்பாகும்; அதைக் கணக்கேட்டில் எழுதும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை.

திரும்பி வரும் நாளையும் புறப்படும் முன்பே எழுதிப் பார்க்கலாம். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021இல் முடிவானதால் அது அயல்நாட்டுக் காலத்தில் காலாவதியாகாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை இணையவழியிலேயே புதுப்பிக்கலாம். அயல்நாட்டு வருமானத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. நிரந்தரமாகத் திரும்பியவுடன் அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அதன்பின் வரியும் உண்டு. தனியார் பள்ளியோ, வெளியே கழிந்த ஆண்டுகளைப் பெரும்பாலும் பணி அனுபவமாகக் கொள்ளாமல் பழைய ஊதியத்துக்கு அருகிலேயே மீண்டும் தொடங்கச் சொல்லும். நான்காண்டில் ரூ. 15 லட்சம் சேர்த்துத் திரும்பிய ஒருவர் அதை 7 விழுக்காடு வட்டிக்கு இட்டால் மாதம் ரூ. 8,750 வரும்; உள்ளூர் மெட்ரிக் பள்ளி ரூ. 20,000 தருவதாகக் கொண்டாலும் இரண்டும் சேர்ந்து ரூ. 28,750 ஆகுமே அன்றி, அரசுப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியத்தைத் தொடுவதில்லை. ஆகையால் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்கு வயதும் தகுதியும் உள்ளவர், அயல்நாட்டு ஒப்பந்தத்தை ஏற்றாலும், அடுத்த தேர்வு அறிவிப்பு வரும் ஆண்டில் விடுப்பெடுத்து வந்து எழுத அந்த ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.